விளையாட்டு முடியும்வரை வலி எங்கே போயிருந்தது?

பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிற குழந்தை தடுக்கி விழுகிறது. உடனே எழுந்து மறுபடியும் ஓடுகிறது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்து போகும்போதுதான் குனிந்து முழங்காலைப் பார்க்கிறது. தோல் உரிந்து, ரத்தம் கணுக்கால்வரை வழிந்து காய்ந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அழுகையே வருகிறது. காயம் பட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது. அதுவரை அந்த வலி எங்கே போயிருந்தது?

இதே கேள்வியை இன்னும் கொடூரமான இடத்தில் சந்தித்தவர் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்முனையில், படுகாயத்தோடு தூக்கிவரப்பட்ட வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். எலும்பு நொறுங்கியவர்களும், வயிற்றிலும் மார்பிலும் காயம்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 1946இல் இதை அவர் எழுதி வெளியிட்டார். காயம் எவ்வளவு பெரியதோ வலியும் அவ்வளவு பெரியது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் காயத்துக்கும் வலிக்கும் நடுவில் மூளை உட்கார்ந்து கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அப்படித் திருத்த அது கையில் எடுக்கும் கருவிகளில் முக்கியமான ஒன்று எண்டோர்பின்.

இன்று எண்டோர்பின் என்றால் 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இதைச் சாப்பிடுங்கள், அதைச் செய்யுங்கள், எண்டோர்பின் ஊற்றெடுக்கும் என்று பட்டியல்களும் வருகின்றன. அந்தப் பட்டியல்களில் பாதி சரி. ஆனால் இந்தப் பொருள் உடலில் எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் அதைக் கூட்டுவது எப்படி என்று பேசினால், எந்தப் பாதி சரி என்பது பிடிபடாது. அதனால் முதலில் அது கண்டுபிடிக்கப்பட்ட கதைக்குப் போய்விட்டு வரலாம்.

பன்றி மூளையும் ஒட்டகச் சுரப்பியும்

அபினின் வலி தீர்க்கும் குணம் மனிதர்களுக்குப் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரீட்ரிக் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் அதிலிருந்து மார்பினைத் தனியே பிரித்தெடுத்தார். அதற்குப் பிறகும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல், மார்பின் உடலுக்குள் போய் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

1973இல் அந்த இடம் அகப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் சைமனும், ஸ்வீடனில் லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மூளைத் திசுவில் மார்பின் வகை மருந்துகள் வந்து பொருந்திக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டு கிடைத்துவிட்டது. உடனே அடுத்த கேள்வி வந்தது. எங்கோ வயலில் வளரும் ஒரு செடியின் பாலுக்காக நம் மூளை எதற்குப் பூட்டு செய்து வைத்திருக்க வேண்டும்? உடலிலேயே அதற்கான சாவி இருந்தாக வேண்டும் அல்லவா?

அந்தச் சாவியை முதலில் எடுத்துக் காட்டியவர்கள் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் வேலை செய்த ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும். காஸ்டர்லிட்ஸ் 1930களில் நாஜி ஜெர்மனியை விட்டு வந்து அபர்தீனில் தங்கியவர். இந்தக் கண்டுபிடிப்பு வெளியானபோது அவருக்கு வயது 70ஐத் தாண்டியிருந்தது. ஹியூஸ் இறைச்சிக் கூடத்திலிருந்து பன்றி மூளைகளை வாங்கி வருவார். அவற்றை அரைத்து, வடித்து, சாறு எடுப்பார்கள். அந்தச் சாற்றைச் சோதித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. கினிப்பன்றியின் குடலில் ஒரு சிறு துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மெல்லிய மின்சாரம் கொடுத்தால் அது துடிக்கும். மார்பினை விட்டால் துடிப்பு அடங்கும். மூளைச் சாற்றை விட்டுப் பார்த்தார்கள், அப்போதும் அடங்கியது. மார்பினின் வேலையைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தைச் சேர்த்ததும் துடிப்பு திரும்பிவிட்டது. அப்படியானால் சாற்றில் இருப்பது மார்பினைப் போலவே, மார்பின் உட்காரும் அதே இடத்தில் உட்காரும் ஒரு பொருள். 1975 டிசம்பரில் அதன் அமைப்பையும் வெளியிட்டார்கள். வெறும் ஐந்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள்.

மார்பின் வகை வலி மருந்துகளை எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் ஏன் வருகிறது என்பதற்கும் அந்தக் குடல் துண்டிலேயே பதில் இருக்கிறது. ஏற்பிகள் மூளையில் மட்டுமல்ல, குடலிலும் இருக்கின்றன.

சரி, எண்டோர்பின் எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவில் சோ ஹாவ் லி என்ற வேதியியலாளர், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் ஒட்டகத்தின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுத்த, 31 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி 1976இல் பீட்டா எண்டோர்பின் என்று அறியப்பட்டது. 'உள்ளிருந்து சுரக்கும் மார்பின்' என்ற பொருளில் எரிக் சைமன் முன்வைத்த சொல்லைச் சுருக்கினால் எண்டோர்பின். 1979இல் டைனார்பின் என்ற இன்னொரு உறவுக்காரரும் வந்து சேர்ந்தார். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் இன்பம் தருபவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டைனார்பின் பெரும்பாலும் கப்பா என்ற வேறு வகை ஏற்பியில் போய் உட்காரும். அங்கே அது எழுப்புவது சோர்வும் மன உளைச்சலும்தான்.

உள்ளே நடப்பது என்ன?

உடல் எண்டோர்பினை நேரடியாகச் செய்வதில்லை. முதலில் ஒரு நீளமான புரதத்தைச் செய்துகொண்டு, பிறகு அதைத் துண்டு போடுகிறது. ஒரு துண்டு பீட்டா எண்டோர்பின். இன்னொரு துண்டு, அட்ரீனல் சுரப்பியைத் தட்டி எழுப்பி, நெருக்கடி நேரத்து ஹார்மோனான கார்டிசோலைச் சுரக்க வைக்கும் ஹார்மோன். அதாவது நெருக்கடியை அறிவிக்கும் செய்தியும் அதைத் தாங்கிக்கொள்வதற்கான மருந்தும் ஒரே துணியிலிருந்து வெட்டப்படுகின்றன. எண்டோர்பினைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சும்மா இருக்கும்போது கிடைக்கும் பரிசாக அது படைக்கப்படவில்லை. கஷ்டத்தோடு கூடவே வருகிற துணை அது. பிரசவ வலி ஏற ஏறத் தாயின் ரத்தத்தில் பீட்டா எண்டோர்பினும் ஏறுவது இதனால்தான்.

மூளைக்குள் இது வேலை செய்யும் முக்கியமான இடம், நடுமூளையின் மையத்தில் ஒரு சிறு கால்வாயைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் திசு. 1969இல் டேவிட் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலிகளின் மூளையில் இந்த இடத்துக்கு மின்தூண்டல் கொடுத்தார். அந்த எலிகளுக்கு மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது. இயல்பான நேரத்தில் இங்கே உள்ள வலி அடக்கும் நரம்புகளை வேறு சில நரம்புகள் பிரேக் போட்டுப் பிடித்து வைத்திருக்கின்றன. எண்டோர்பின் வந்து அந்தப் பிரேக்கைத் தளர்த்துகிறது. உடனே நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்குக் கீழ்நோக்கி ஒரு கட்டளை போகிறது. காலிலிருந்தும் கையிலிருந்தும் வரும் வலிச் செய்தி, மூளைக்கு ஏறும் முன்பே தண்டுவடத்தின் வாசலில் மங்கிப்போகிறது. அந்த வாசலில் என்கெஃபலினும் கூடவே வேலை செய்கிறது. ஏற்பியில் எண்டோர்பின் ஒட்டியதும் நரம்பு செல்லுக்குள் கால்சியம் நுழைவது குறைகிறது, பொட்டாசியம் வெளியேறுவது கூடுகிறது. விளைவு, அந்த செல் செய்தியைக் கடத்துவதில் சுணங்கிப்போகிறது.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய் அந்த விரலை அழுத்தித் தேய்க்கிறது. இரண்டு மூன்று விநாடிகளில் கொஞ்சம் இதமாகவும் இருக்கிறது. அது எண்டோர்பின் வேலை என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த உடனடி இதத்துக்குக் காரணம் வேறு. தொடுவுணர்வைக் கொண்டுபோகும் தடித்த, வேகமான நரம்புகள் தண்டுவடத்தில் வலி நரம்புகளை முந்திக்கொண்டு கதவை அடைக்கின்றன. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்த 'வாசல் கோட்பாடு' இதைத்தான் விளக்குகிறது. உடலிடம் வலியை அடக்க ஒரே ஒரு வழி மட்டும் இல்லை.

எண்டோர்பினின் வேலை வலியோடு முடிந்துவிடுவதும் இல்லை. இன்பமும் விருப்பமும் உருவாகும் மூளைப் பகுதிகளிலும் அதே ஏற்பிகள் நிறைய இருக்கின்றன. அங்கே அது டோபமைன் என்ற இன்னொரு மூளை ரசாயனம் வெளியாவதையும் தூண்டிவிடும். 'ஆஹா, இன்னும் வேண்டும்' என்ற தவிப்பு பெரும்பாலும் டோபமைன் வழி வருவது. 'அப்பாடா, போதும்' என்ற நிறைவில் எண்டோர்பினுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஓட்டக்காரர்களின் பரவசம்

நெடுந்தூரம் ஓடுபவர்கள் ஒரு நிலையைச் சொல்வார்கள். முதல் சில கிலோமீட்டர்கள் கால் கெஞ்சும், மூச்சு முட்டும். அப்புறம் ஒரு கட்டத்தில் எல்லாம் லேசாகிவிடும். இன்னும் ஓடலாம், ஓடிக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றும். 1980களில் ஓடியவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது எண்டோர்பின் கூடியிருந்தது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. ரத்தத்தில் உள்ள எண்டோர்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தனியாகச் சுரந்துகொள்கிறது. பிட்யூட்டரி ரத்தத்தில் விடுவதை அளந்துவிட்டு மூளையின் மனநிலையைச் சொல்வது, பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு நம் வீட்டுச் சமையலைச் சொல்வது போலத்தான். எண்டோர்பின் அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எங்காவது விற்கப்பட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்குள்ளேயே பார்க்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் 10 ஓட்ட வீரர்களை இரண்டு மணி நேரம் ஓட வைத்து, மூளைக்குள் ஏற்பிகளின் நிலையைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகளில் ஏற்பிகளை உடலின் சொந்தச் சரக்கு பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பரவசம் கூடுதலாக இருந்ததாகச் சொன்னவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. எண்டோர்பின் கட்சி வென்றுவிட்டது போல இருந்தது. ஆனால் 2021இல் அதே ஜெர்மனியிலிருந்து வேறொரு ஆய்வு வந்தது. 60க்கும் மேற்பட்டவர்களை 45 நிமிடம் ஓட வைத்தார்கள். ஓடுவதற்கு முன் எண்டோர்பின் ஏற்பிகளை அடைத்துவிடும் நால்ட்ரெக்சோன் மாத்திரையைக் கொடுத்தும் பார்த்தார்கள். ஏற்பிகள் அடைபட்ட பிறகும் பரவசம் வந்தது, பதற்றமும் குறைந்தது. ஓட்டத்தின் இதத்தில் பெரும்பங்கு எண்டோகன்னபினாய்டு என்ற வேறொரு பொருளுக்கு இருக்கலாம் என்று இப்போது பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது கொழுப்பில் கரைவது, மூளைத் தடுப்பைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

உடற்பயிற்சி செய்ய நினைப்பவருக்கு இதனால் என்ன? நன்மை போய்விடவில்லை, பெயர்ப் பலகைதான் மாறுகிறது. ஆனால் ஒரு நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். மெதுவான நடையில் எண்டோர்பின் பெரிதாகக் கூடுவதில்லை. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் வேகத்திலோ, மிதமான வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும்போதோதான் அது ரத்தத்தில் தெளிவாக ஏறுகிறது. பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த ஸ்கேன் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. மிகக் கடுமையான, விட்டுவிட்டுச் செய்யும் பயிற்சியில் மூளை எண்டோர்பின் வகைப் பொருள்களை நன்றாக வெளிவிட்டது. ஆனால் பயிற்சி செய்தவர்களின் மனநிலை அப்போது நன்றாக இல்லை, எரிச்சலும் களைப்புமாக இருந்தார்கள். எண்டோர்பின் அங்கே செய்தது தாங்க வைக்கும் வேலை. எவ்வளவு வருத்திக்கொள்கிறோமோ அவ்வளவு மகிழ்ச்சி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. மனநிலைக்கும் தூக்கத்துக்கும் அதுவே நல்லது. அதில் எந்த ரசாயனத்துக்கு எத்தனை பங்கு என்பதை உடல் பார்த்துக்கொள்ளும்.

சேர்ந்து செய்யும்போது

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த ஆய்வு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் துடுப்பு வீரர்கள் 12 பேரை வைத்து நடந்தது, 2010இல் வெளியானது. ஜிம்மில் இருக்கும் துடுப்புப் பயிற்சிக் கருவியில் 45 நிமிடம் இழுக்க வேண்டும். சில நாள் தனியாக, சில நாள் சக வீரர்களோடு ஒரே தாளத்தில். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, காற்றடித்து இறுக்கிக்கொண்டே போய், எந்தக் கட்டத்தில் "போதும், வலிக்கிறது" என்கிறார்கள் என்று பார்த்தார்கள். வலி தாங்கும் திறன் பயிற்சிக்குப் பிறகு எப்போதுமே கூடியது. சேர்ந்து இழுத்த நாளில் அது தனியாக இழுத்த நாளைவிட வெகுவாகக் கூடியது. இத்தனைக்கும் இரண்டு நாளும் செலவிட்ட உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அதே தசை, அதே வியர்வை. பக்கத்தில் ஒரே தாளத்தில் இழுக்கும் ஆட்கள் மட்டும்தான் புதிது.

இந்த ஆய்வில் பங்கெடுத்த ராபின் டன்பர் குரங்குகளை நீண்ட காலம் ஆராய்ந்தவர். குரங்குகள் ஒன்றுக்கொன்று மணிக்கணக்கில் பேன் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தத்துக்கு அவ்வளவு நேரம் தேவையே இல்லை. மெல்ல வருடப்படும்போது எண்டோர்பின் சுரக்கிறது, அந்த இதத்தில் உறவு இறுகுகிறது என்பது அவர் கருத்து. மனிதக் கூட்டம் பெரிது, எல்லோருக்கும் எல்லோரும் பேன் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த இடத்தை மனிதர்களிடம் சிரிப்பும் பாட்டும் ஆட்டமும் பிடித்துக்கொண்டன என்கிறார்.

சிரிப்பைப் பற்றி 2011இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வும் அதே வலிச் சோதனையைப் பயன்படுத்தியது. நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்கள் வலியைக் கூடுதலாகத் தாங்கினார்கள். சிரிப்பு வராத, ஆனால் மனதுக்கு இதமான காட்சிகளைப் பார்த்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அதாவது மனம் மகிழ்ந்தால் மட்டும் போதாது, விலா குலுங்க வேண்டும். வயிறு குலுங்கச் சிரிக்கும்போது மூச்சு இடைவிடாமல் வெளியே தள்ளப்படுகிறது, நெஞ்சுத் தசைகள் வலிக்கிற அளவுக்கு உழைக்கின்றன. அதுவும் ஒரு வகை உடற்பயிற்சிதான். 2017இல் துர்க்கு ஆய்வாளர்கள் இதை மூளை ஸ்கேனிலேயே காட்டினார்கள். நெருங்கிய நண்பர்களோடு அரை மணி நேரம் சிரித்துவிட்டு வந்தவர்களின் மூளையில் எண்டோர்பின் வகைப் பொருள்கள் கூடுதலாக வெளியாகியிருந்தன. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது நாம் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று ராபர்ட் புரோவைன் என்ற உளவியலாளர் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார்.

எண்டோர்பினைக் கூட்ட என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒன்றை இன்னொருவரோடு சேர்ந்து, ஒரே தாளத்தில் செய்யுங்கள். நடையோ, பாட்டோ, ஆட்டமோ, கனமான சாமானைத் தூக்குவதோ, எதுவாகவும் இருக்கட்டும். மாத்திரையும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.

அடுத்தது நம்பிக்கை. இது கேட்க மூடநம்பிக்கை போல இருக்கும், ஆனால் நன்றாகச் சோதிக்கப்பட்டது. 1978இல் கலிபோர்னியாவில் ஞானப்பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு, வலி மருந்து என்று நினைக்கும்படி மருந்தே இல்லாத ஊசியைப் போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அப்புறம் நலோக்சோன் கொடுத்தார்கள், வலி ஏறியது. மருந்தில்லாத ஊசி தந்த நிம்மதியை எண்டோர்பின் தடுப்பான் பறித்துக்கொண்டது. ஆக, அந்த நிம்மதி கற்பனை இல்லை, உடல் தன் சொந்த மருந்தை எடுத்துப் போட்டிருக்கிறது. இத்தாலியில் ஃபாப்ரிசியோ பெனடெட்டி குழுவினர் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். உண்மையான வலி மருந்தையே நோயாளிக்குத் தெரியாமல் கருவி வழியாக ஏற்றினால், மருத்துவர் கண்ணெதிரே நின்று சொல்லிப் போடும்போது கேட்பதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறது. நோயாளியின் முகத்தைப் பார்த்து, "இது வலியைக் குறைக்கும்" என்று நிதானமாகச் சொல்கிற அந்த அரை நிமிடம் சிகிச்சையின் ஒரு பகுதி. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பட்டியல்களில் வரும் மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். மிளகாயின் காரம் நாக்கில் உள்ள வெப்ப ஏற்பியை ஏமாற்றி, எரிவது போன்ற வலியை எழுப்புகிறது. அதற்குப் பதிலாக எண்டோர்பின் சுரக்கும் என்பது நியாயமான ஊகம், ஆனால் அதற்காகக் காரம் கூட்டிச் சாப்பிடும் அளவுக்கு ஆதாரம் இல்லை. சாக்லேட் சாப்பிட்டால் வருவது பெரும்பாலும் சாக்லேட் சாப்பிட்ட மகிழ்ச்சி. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் தோல் பீட்டா எண்டோர்பின் செய்கிறது என்று 2014இல் எலிகளில் காட்டினார்கள். அதே கதிர்தான் தோல் புற்றுநோய்க்கும் காரணம் என்பதால் இதை ஒரு வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்குபங்சர் ஊசி தரும் வலி நிவாரணத்தில் ஒரு பகுதி நலோக்சோனால் தடைபடுவதை 1970களிலேயே பார்த்திருக்கிறார்கள். இசை கேட்டுச் சிலிர்ப்பதிலும் எண்டோர்பினுக்குப் பங்கு இருப்பது போலத் தெரிகிறது. எண்டோர்பின் மாத்திரை என்று எதுவும் வேலைக்கு ஆகாது. விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துப்போகும், ஊசியில் ஏற்றினாலும் மூளைத் தடுப்பைத் தாண்டாது.

குறுக்கு வழிகளையும் சொல்லியாக வேண்டும். மது மூளையில் எண்டோர்பினை வெளியேற வைக்கிறது. குடித்ததும் வரும் இதத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வருவது. அதனால்தான் அந்த ஏற்பிகளை அடைக்கும் நால்ட்ரெக்சோன், குடிப்பழக்கத்திலிருந்து மீள்வதற்கான சிகிச்சையில் 1994 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மார்பின் வகை மருந்துகளோ ஏற்பிகளை நேரடியாகவே பிடித்துக்கொள்கின்றன. உடல் தன் சரக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிமிடக் கணக்கில் நொதிகளைக் கொண்டு துடைத்தும் விடும். வெளியிலிருந்து வருவது வெள்ளம் போல வந்து மணிக்கணக்கில் நிற்கும். நாளடைவில் ஏற்பிகள் மரத்துப்போய், அதே அளவு மருந்து போதாமல் போகிறது. கடுமையான வலிக்கு மருத்துவர் தரும்போது இவை பெரும் வரம், அளந்த அளவில், அளந்த நாளுக்கு.

இன்னொன்று. எதிலும் ஆர்வமில்லாமல், தூக்கமில்லாமல், வாரக்கணக்கில் மனம் கனத்துக் கிடக்கிறவரிடம் "கொஞ்சம் ஓடு, எண்டோர்பின் வரும்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மனச்சோர்வு என்பது ஒரு ரசாயனம் குறைந்துபோய் வருகிற நோய் இல்லை. உடற்பயிற்சி அதற்கு உதவும், மருத்துவரும் வேண்டும். நடக்கத் துணைக்கு வருகிறேன் என்று சொன்னால் அது வேறு, தாராளமாகச் சொல்லுங்கள்.

புதிதாக ஓடவோ விளையாடவோ தொடங்குபவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் நடுவில் கணுக்கால் பிசகினால் அப்போது அது சின்ன விஷயமாகத்தான் தெரியும், தொடர்ந்து ஆடவும் முடியும். அந்த நேரத்து உடலின் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நெஞ்சில் இறுக்கமோ வலியோ வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை. மற்றபடி, வியர்வை அடங்கி அரை மணி நேரம் ஆன பிறகு ஓர் இடத்தில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, பாதம், கணுக்கால், முழங்கால் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். வீக்கமோ, தொட்டால் சுள்ளென்ற வலியோ இருந்தால் மறுநாள் ஓட்டத்தைத் தள்ளிப்போட்டுவிடலாம்.